ஒரே ஒரு கிக்

வருடக்கணக்கில் மூலையில் கிடந்த பைக்கைச் சுற்றி நாலு பேர் கூடினால், யாராவது ஒருவர் வாயிலிருந்து தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. "சும்மா ஒரு கிக் அடிச்சுப் பாப்போம், உயிர் இருக்கான்னு தெரிஞ்சிடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. போர்வையை விலக்கியாயிற்று, தூசி தட்டியாயிற்று, வேறென்ன பாக்கி? ஆனால் நின்றுபோன வண்டிகளுக்கு வரும் பெரிய செலவுகள் பல அந்த ஒரு கிக்கில்தான் பிறக்கின்றன என்பது என் கட்சி. பத்து வருடம் கெடுக்காமல் விட்டுவைத்ததைப் பத்து நொடியில் கெடுத்துவிட முடியும்.

அந்த வாக்கியத்துக்கு ஒரு தம்பியும் உண்டு: "நிறுத்தும்போது நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிதான்." பொய்யாக இருக்காது. ஆனால் அது நிறுத்திய நாளைப் பற்றிய செய்தி. நிற்கும் வண்டி சும்மா நிற்பதில்லை. டேங்கில் விட்ட பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகி, மிச்சம் பிசினாக மாறிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் மெல்ல வழிந்து கீழே இறங்கியது. நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் எந்த வால்வு திறந்தபடி நின்றதோ, அந்த வழியாக ஈரக்காற்று போய்வந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சுவரைத் தொடும் இடத்தில் துரு வளையம் போட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சியது. பேட்டரித் தகடுகளில் சல்பேட் படிந்தது. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஓடுகிற வண்டியில் தேய்மானம் நடக்கிறது. நிற்கிற வண்டியில் வேதியியல் நடக்கிறது.

அதனால் "எத்தனை வருஷம் நின்றது" என்று கேட்பதைவிட "எப்படி நிறுத்தினார்கள்" என்று கேட்பதே பயன். எத்தனால் கலந்த பெட்ரோலை அரை டேங்க் விட்டு, கார்புரேட்டரை வடிக்காமல், ஈரம் கசியும் இடத்தில் ஒரே ஒரு மழைக்காலம் விட்ட வண்டி படுத்தும் பாடு அதிகம். டேங்கையும் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தையும் காலி செய்து, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, உலர்ந்த இடத்தில் பத்து வருடம் வைத்த வண்டி அதைவிடச் சீக்கிரம் எழுந்துவிடும். வருடக் கணக்கை மட்டும் கேட்டுவிட்டு விலை பேசுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கிக்கரில் காலை வைக்காதீர்கள்

கிக் அடிப்பதில் உள்ள சிக்கல் பலம் அல்ல, அது அடியாக இறங்குவது. ஒரு ஆளின் எடை முழுவதும் ஒரே வீச்சில் கிக்கர் ஷாஃப்ட், அதன் ராட்செட் பற்கள், என்ஜினைச் சுற்றவைக்கும் கிராங்க், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு என்று போய் பிஸ்டனில் நிற்கும். இடையில் எங்கே தடுக்கிறது என்று காலுக்குத் தெரியாது. ரிங் துருவோடு ஒட்டியிருந்தால் உடையும்; ரிங் உட்காரும் பள்ளத்தின் ஓரம் பெயரும். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு கைடுக்குள் துருப்பிடித்துத் திறந்தபடி நின்றிருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதை இடித்து வளைக்கும். மூன்றாவது, பலர் நினைத்தே பார்க்காதது. பெட்ரோல் குழாய் சரியாக மூடாமல், கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் நீடிலும் ஒழுகியிருந்தால், பெட்ரோல் இன்லெட் வழியாக சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். திரவத்தை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஒரு நல்ல கிக் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

ஆகவே முதலில் ஆயில் அளவுக்கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்று பெட்ரோல் வாடை அடித்தால், டேங்கிலிருந்தது கிராங்க் கேஸுக்குள் வந்துவிட்டது என்று பொருள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர். எதுவாக இருந்தாலும் பழைய ஆயிலை இப்போதே வடித்துவிடுவது நல்லது. "ஸ்டார்ட் செய்து சூடாக்கி வடித்தால்தான் முழுதும் இறங்கும்" என்பது ஓடும் வண்டிக்குச் சரி. நின்ற வண்டியில் அந்த அமிலமும் ஈரமும் கலந்த ஆயிலை பேரிங்குகளுக்குள் ஒரு சுற்று அனுப்பிவிட்டு வடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்ட்ரெய்னர் சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். புது ஆயில் ஊற்றும்போது, கிளட்ச் ஆயிலிலேயே நனையும் வண்டி என்றால் டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்கிறதா பாருங்கள். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், பிறகு அதற்கு வேறு காரணம் தேடி அலைய நேரும்.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டி. எலிக்கு அதைவிடச் சொகுசான வீடு கிடையாது. நார், பஞ்சு, கொட்டைத் தோல் எல்லாம் அங்கேதான் இருக்கும். என்ஜின் ஒரு தடவை மூச்சிழுத்தால் அத்தனையும் உள்ளே போகும். நுரைப் பஞ்சு ஃபில்டராக இருந்தால் தொட்டதும் பொடியாக உதிரும், அதுவும் உள்ளேதான் போகும். சைலன்சர் வாயிலும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

கால் சுற்று

இந்த வேலை முழுவதிலும் ஒரே ஒரு கணம்தான் முடிவைச் சொல்வது. கிராங்க் கால் சுற்று நகர்கிறதா என்பது. மற்றதெல்லாம் பொறுமை, சுத்தம், கொஞ்சம் காசு. இது மட்டும் விதி மாதிரி.

பிளக்கைக் கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள குழியை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அங்கிருக்கும் மண் நேராக சிலிண்டருக்குள் விழும். சிலிண்டரின் அலுமினியத் தலையில் பல வருடம் இருந்த இரும்பு பிளக் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விட்டு, முதலில் துளியூண்டு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்துங்கள். கிறீச்சென்று இழுத்துக்கொண்டு வந்தால் நிறுத்தி, திரும்ப உள்ளே திருகி, மறுபடி எண்ணெய். அவசரப்பட்டால் பிளக்கோடு தலையின் மரையும் சேர்ந்து வரும்.

ஓட்டை வழியாக டார்ச்சோ, போனில் மாட்டும் குட்டி கேமராவோ விட்டுப் பாருங்கள். சுவர் சாம்பல் நிறத்தில் மங்கலாக மின்னினால் நல்லது. செம்மண் நிறத்தில் பொடிபொடியாகத் தெரிந்தால் மேல்துரு, அதுவும் பெரும்பாலும் பிழைக்கும். கறுப்பாகப் புள்ளி விழுந்து குழியாகியிருந்தால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்காமல் (போர் அடிக்காமல்) தப்பிக்க முடியாது. எப்படியிருந்தாலும் 10 மில்லி என்ஜின் ஆயில் உள்ளே விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பிளக் ஓட்டைக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழலை விட்டு பிஸ்டன் தலையில் நிற்க வையுங்கள். உலோகக் கம்பி வேண்டாம். சாய்ந்து மாட்டிக்கொண்டால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். இப்போது பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக முன்பக்கம் தள்ள வேண்டும். முதலில் செயினின் தொய்வு விறைக்கும். அடுத்து கியர்ப் பற்களின் இடைவெளி நிரம்பும்; 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு வருவதுதான் விஷயம். கை மெத்தென்று ஒரு எதிர்ப்பை உணர்ந்து, அழுத்த அழுத்த அது இளகி, குழல் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலோ இறங்கினாலோ, அந்த என்ஜின் உயிரோடுதான் இருக்கிறது. கல்லில் முட்டியதுபோல் நின்றுவிட்டால் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. நகர்கிறது, ஆனால் மணல் நெரிபடும் உணர்வு வருகிறது என்றால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. சில சமயம் சக்கரம் தாராளமாகச் சுற்றும், குழல் மட்டும் அசையாது. கிளட்ச் வழுக்குகிறது, அதை வைத்து என்ஜினைப் பற்றி ஒன்றும் முடிவுகட்ட முடியாது. கிராங்க்கின் முனையில் உள்ள மேக்னட்டின் மூடியைத் திறந்து அதன் நட்டில் ஸ்பேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒட்டியிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயையோ, ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் பெட்டியில் ஊற்றும் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சம அளவில் சேர்த்த கலவையையோ 15 முதல் 20 மில்லி வரை ஊற்றுங்கள். அந்தக் கலவை நின்றால் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெட்ரோலைப் போலவே தீப்பிடிக்கும், பெயின்ட் மேல் சிந்தினால் கரைத்துவிடும். இரண்டு நாள் விட்டு முயற்சி, அசையவில்லையென்றால் மறுபடி ஊற்றி இன்னும் மூன்று நாள். சாதாரண நீள ஸ்பேனர், ஒரு கை பலம், முன்னும் பின்னும் மாறிமாறி, அதுதான் எல்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாய் சொருகத் தோன்றும்போது எழுந்து போய்விடுவது நல்லது. நட்டைத் தளர்த்தும் பக்கமாகத் திருப்பினால் கிராங்க் அசையாமல் நட்டுதான் கழலும், அதையும் "அசைந்துவிட்டது" என்று கொண்டாடாமல் கவனிக்க வேண்டும். இப்படியே இரண்டு வாரம் முயன்றும் பலிக்கவில்லை என்றால் தலையையும் சிலிண்டரையும் கழற்றுவதுதான் மரியாதை. உச்சியில் நிற்கும் பிஸ்டனை மேலிருந்து மரக்கட்டை வைத்து அடிப்பவர்கள் உண்டு. அந்த நிலையில் ராடும் கிராங்க்கும் நேர்கோட்டில் இருக்கின்றன. அடி முழுவதையும் பேரிங் வாங்கிக்கொள்ளுமே தவிர பிஸ்டன் இறங்காது.

அசைந்த பிறகு வால்வுகளுக்கு மேலே உள்ள டேப்பட் மூடிகளைத் திறந்து, கையாலேயே முழு இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு வால்வும் இறங்க வேண்டும், இறங்கியது திரும்ப வர வேண்டும். திரும்ப வராத வால்வு இருந்தால் அங்கேயே நிறுத்தி, தண்டில் எண்ணெய் விட்டு, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி விடுவிக்க வேண்டும். பிறகு டேப்பட் இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்துவிட்டு, பிளக் இல்லாமலே மேலே வால்வுகளை அமுக்கும் ராக்கர் வரை ஆயில் வந்து நனைக்கும்வரை சுற்றிக்கொண்டிருங்கள். பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் இருக்காது, இப்போது கிக்கரைக் கையால் அழுத்திச் சுற்றினாலும் தப்பில்லை. ஐம்பது சுற்று ஆனாலும் ஆகட்டும். வறண்ட கேம் ஷாஃப்ட்டுக்கு முதல் சில நொடிகள்தான் ஆபத்து.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு வால்வுத் தொல்லை கிடையாது, வேறு தொல்லை இருக்கிறது. கிராங்க்கின் இரு பக்க ஆயில் சீல்களும் காய்ந்து விறைத்திருக்கும். கியர் பெட்டிப் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகத் தள்ளும். மேக்னட் பக்க சீல் போனால் காற்றை இழுத்து, பெட்ரோல் குறைந்த கலவையில் தானாக ரேஸ் ஏறி, பிஸ்டனைச் சிலிண்டரோடு இறுகப் பிடிக்க வைத்துவிடும் (சீஸ்). இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, சுமார் 0.4 பார் காற்று ஏற்றிச் சில நிமிடம் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் நான் சோதிக்கச் சொல்வதுகூட இல்லை, இரண்டு சீலையும் மாற்றிவிடச் சொல்வேன்.

டேங்க்

டேங்க் வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தொலைவில் இருக்கும் நெருப்பைத் தேடிப்போகும். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்திருப்பது அப்போதுதான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் உட்காரும். 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோலில் இது நடக்க, மொத்த அளவில் சுமார் அரை சதவீதத் தண்ணீர் போதும். பெட்ரோல் குழாய் இருப்பதும் அந்த அடியில்தான். டேங்கின் கீழ் ஓரம் மட்டும் ஓட்டையாவதற்குக் காரணம் இது. அதனால் பழையதின் மேல் புதுப் பெட்ரோலை ஊற்றிக் "கலந்தால் சரியாகிவிடும்" என்று நினைப்பது வீண். முழுதும் வடித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடுக்கு பிரிந்திருக்கிறதா, நிறம் தேயிலைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டதா என்று கண்ணால் தெரியும்.

துருவுக்கு சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை, டேங்கின் கழுத்துவரை நிரப்பி, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். குழாயையும் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையையும் முன்பே கழற்றி அந்த ஓட்டைகளை ரப்பரால் அடைத்திருக்க வேண்டும். மூடியை மட்டும் இறுக்கி அடைக்கக் கூடாது, அமிலம் இரும்போடு சேரும்போது ஹைட்ரஜன் வரும். செதில் செதிலாகத் துரு இருந்தால் ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். போடுமுன் எண்ணிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து போட்டு இருபத்துநான்கு எடுத்தவருக்கு அந்த ஒரு நட்டு ஒவ்வொரு வளைவிலும் குரல் கொடுக்கும்.

அமிலத்தை வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் அலசி, தாமதிக்காமல் சூடான காற்று ஊதி உலர்த்த வேண்டும். சுத்தமான ஈர இரும்பு சில நிமிடங்களிலேயே மஞ்சளாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். உலர்ந்ததும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை விட்டு எல்லாப் பக்கமும் உருட்டி வையுங்கள். உள்பூச்சுப் பூசும் கலவைகளைப் பற்றி என் கருத்து: ஓட்டை விழாத டேங்குக்கு அது தேவையில்லை. சரியாகச் சுத்தம் செய்யாத இரும்பில் பூசினால் இரண்டொரு வருடத்தில் தோலாக உரிந்து குழாயை அடைக்கும். அதை எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

ஊசி போகாத ஓட்டை

நின்றுபோன வண்டியைப் பற்றிய புகார்களில் நான் அதிகம் கேட்பது, "ஸ்டார்ட் ஆகுது, ஆனா சோக் போட்டாத்தான் நிக்குது" என்பது. சொல்பவர்கள் இதை வண்டியின் குணம் மாதிரி சொல்வார்கள். இது குணமல்ல, முகவரி. பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. ஐடிலிலும் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திறக்கும்போதும் என்ஜினுக்குப் பெட்ரோல் போவது அந்த ஒரு வழியில்தான். அதன் துளை பெரும்பாலும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். மெயின் ஜெட்டின் துளை சுமார் ஒரு மில்லிமீட்டர். பிசின் இரண்டிலும் ஒரே தடிமனில்தான் படிகிறது. பெரியதில் அது கறை, சின்னதில் அது கதவு. சோக் போட்டதும் வேறு பாதையில் பெட்ரோல் கூடுதலாக வந்து குறையை ஈடுகட்டுகிறது. அப்படியே வாரக்கணக்கில் ஓட்டினால், பிளக் கரிபிடிக்கும், அதிகப்படியான பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவி ரிங்கைத் தேய்க்கும், ஆயிலிலும் போய்க் கலக்கும்.

ஃப்ளோட் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் பித்தளை அல்லது மென்மையான இரும்பு, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். உள்ளே பச்சை நிறப் பாசி மாதிரியோ, பழுப்பு வார்னிஷ் மாதிரியோ இருந்தால் வியப்பில்லை. பைலட் ஜெட் ஒரு ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு. அதைக் கழற்றி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, வானத்தை நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். கூர்மையான விளிம்போடு வட்டமான வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் எல்லோருக்கும் புரியும். ஏமாற்றுவது அரைகுறை: புள்ளி தெரியும், ஆனால் கொஞ்சம் சப்பையாக, ஓரம் பிசிறாக. "வெளிச்சம் வருதே" என்று திரும்பப் போட்டுவிடுவார்கள், அடுத்த வாரம் மறுபடி சோக். 0.4 மில்லிமீட்டர் துளையின் சுவரில் வெறும் 0.05 படிந்தாலே பரப்பளவு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். சுத்தம் செய்ய ஊசியோ இரும்புக் கம்பியோ போடக் கூடாது. பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். பல இழை கொண்ட மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி எடுத்தால் அது போதும். ஓர் இரவு கார்புரேட்டர் கிளீனரில் ஊறப்போட்டு, இழையால் துழாவி, காற்றடித்து, மறுபடி வானத்தைப் பாருங்கள். ஜெட்டின் பக்கவாட்டில் இருக்கும் குட்டித் துளைகளையும் விடாதீர்கள்.

ஜெட் மட்டும் சுத்தமானால் போதாது, அது உட்காரும் வழியும் சுத்தமாக வேண்டும். ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை முதலில் முழுதும் உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடி தொடுகிறது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டரைக்குள் இருக்கும். அதன் பின்னால் ஸ்ப்ரிங், வாஷர், ஒரு மிளகளவு ஓ-ரிங் வரும். ஓ-ரிங் குழிக்குள்ளேயே தங்கிவிடும், அதை எடுக்காமல் கிளீனர் அடித்தால் ஊதிப்போய் அடைத்துக்கொள்ளும். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு, பைலட் குழிக்குள் கிளீனரைப் பீய்ச்சுங்கள். கார்புரேட்டரின் தொண்டையில், ஆக்ஸிலரேட்டர் தட்டின் ஓரமாக ஊசிமுனைத் துளைகள் இருக்கும். அவை எல்லாவற்றிலிருந்தும், மிக்சர் ஸ்க்ரூ துளையிலிருந்தும் பீய்ச்சி வர வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் வேலை முடியவில்லை. ரப்பர் டயாஃப்ரம் உள்ள வகையென்றால் அதை முதலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும், கிளீனர் பட்டால் சுருண்டுவிடும்.

ஃப்ளோட் நீடிலின் கூம்பு முனையில் நகத்தால் வருடினால் வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். இன்லெட் ரப்பரை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்த ரப்பர் வழியாகக் காற்று நுழைந்தால், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் தொங்கும். அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து மறுபடி பிரித்தவர்கள் ஏராளம்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த வேலை இல்லை. சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓரிரு நொடி 'ம்ம்' என்று பாடுகிறதா என்று கேளுங்கள். பாடவில்லையென்றால் பழைய பெட்ரோலில் பம்ப் இறுகியிருக்கும். பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம், அவ்வளவுதான்.

தீப்பொறியும் பிரேக்கும்

மின்சாரப் பக்கம் சீக்கிரம் முடியும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டாத பேட்டரியை நிதானமாக சார்ஜ் செய்து, ஒரு நாள் விட்டு அளந்து, 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று தூக்கிப்போடுங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் காயிலைச் சந்தேகிக்குமுன் கில் ஸ்விட்ச், சாவி ஸ்விட்ச், பச்சை படிந்த கனெக்டர்கள், ஃப்ரேமில் எர்த் ஒயர் ஏறும் இடம் இவற்றைச் சுரண்டிப் பாருங்கள். ஸ்பார்க்குக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட் உள்ள பழைய வண்டியில் பாயிண்ட் முகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் இருக்கும். நைஸ் உப்புத்தாளால் இரண்டு தேய், பிறகு வெறும் அட்டையை நடுவில் விட்டு இழுத்தால் போதும். ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கைத் தலையில் தொட வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும்.

பிரேக்கை என்ஜினுக்கு முன்னால் முடித்துவிடச் சொல்வது பலருக்கு எரிச்சலாக இருக்கும். காரணம் எளிது. என்ஜின் ஓடிவிட்டால் யாருக்கும் ஆசை அடங்காது, "தெரு முனை வரைக்கும்" என்று கிளம்பிவிடுவார்கள். டிரம் பிரேக்கில் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பசைவிட்டுக் கழன்று சக்கரத்துக்குள் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஷூவை எடுத்து ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள். டிஸ்க் பிரேக்கில் பைலட் ஜெட்டின் கதை திரும்ப வரும்: லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும், அதில் சின்னது ஊசிமுனை அளவு. பிடித்த பிரேக்கை விடும்போது ஆயில் திரும்புவது அதன் வழியாக. அது அடைத்திருந்தால் பிரேக் விடாமல் சூடேறி, போகப் போகத் தானே இறுகும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சிய நிலைக்கு அதன் தர வரம்பு 155 டிகிரிதான். அதனால் பழையதை முழுதும் வெளியேற்றி, புதியது ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் எடுத்துவிடுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5 வேறு சாதி, இதோடு கலக்கக் கூடாது. டயரின் வரிப்பள்ளங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வருடம் தாண்டிய டயரில் ஓட்டிப் பார்க்கக்கூட நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போது அடிக்கலாம்

புதிதாகக் கழுவிய டேங்கை இன்னும் மாட்ட வேண்டாம். 300 மில்லி பாட்டிலில் புதுப் பெட்ரோல் ஊற்றி, டியூப் போட்டு, கார்புரேட்டருக்கு மேலே தொங்கவிடுங்கள். ஒழுகினால் நஷ்டம் அவ்வளவுதான். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் விட்டதும் 'டப்'பென்று திரும்புகிறதா பாருங்கள். சைலன்சர் வாய் திறந்த வெளியைப் பார்க்கட்டும். என்ஜினைச் சட்டென்று பற்றவைக்க அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். இப்போதுதான் எண்ணெய் ஏற்றிய சுவரை அது கழுவிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயே இல்லாமல் ஓடவைப்பதற்குச் சமம்.

நியூட்ரல், சோக், கிக். ஐந்தாறு அடியில் பற்றிக்கொள்ளும். முதல் சில நிமிடம் பயங்கரமாகப் புகைக்கும், சிலிண்டருக்குள் நீங்கள் ஊற்றிய எண்ணெய்தான் அது, பயப்பட வேண்டாம். ஐடிலில் விட்டு வேடிக்கை பார்க்காமல், கொஞ்சம் தூக்கி நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காற்றால் குளிரும் என்ஜின் நின்ற இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது. ஃபேன் வைத்தால் இன்னும் ஐந்து. சூடேறியதும் சோக்கை முழுக்கத் தள்ளிவிடுங்கள். நின்று ஓடுகிறதா? ஓடினால் அந்தப் பித்தளைத் துண்டைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்.

அணைத்து, முழுதும் ஆறவிட்டு, கையேட்டில் தலை நட்டுகளைத் திரும்ப இறுக்கச் சொல்லியிருந்தால் அந்த டார்க்கில் இறுக்குங்கள். கிளட்ச் ஒட்டியிருந்தால் லீவரைக் கயிற்றால் கைப்பிடியோடு இழுத்துக் கட்டி ஓர் இரவு விடுங்கள். அதன்பின் என்ஜினை அணைத்த நிலையிலேயே கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினால் பெரும்பாலும் விட்டுவிடும். கம்ப்ரஷன் குறைவாக இருக்கிறது என்று அதற்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பள்ளத்தில் ஒட்டிக்கிடந்த ரிங் சூடேறி ஆறி, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு விடுபடுவது உண்டு. அந்த நூறாவது கிலோமீட்டரில் ஊற்றிய புது ஆயிலை வடித்துவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. வடிப்பதை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து, துணியில் சுற்றிய காந்தத்தை அதில் ஒரு தடவை ஓட்டுங்கள். கறுப்பு மை மாதிரி பசையாக ஒட்டினால் துருவும் வழக்கமான தேய்மானமும்தான். செதிலாக, வெளிச்சத்தில் மின்னினால், பிளக்கைக் கழற்றிப் பின்சக்கரத்தைக் கையில் பிடித்து மறுபடி முதலிலிருந்து.